பெஸ்தியாரியஸ்: ஓர் உரோமானியத் தொழிற்பெயரும் அதன் ஆங்கில நிகரனும்

உரோமானிய அரங்கில் பொருதோர் அனைவரையும் 'கிளாடியேட்டர்' எனச் சுட்டும் வழக்கம் பொதுவாசிப்பு நூல்களில் மிகுதி. வாளைக் குறிக்கும் 'கிளாடியுஸ்' என்னும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்த அப்பெயர், மனிதரோடு பொரும் வீரரையே குறிக்கும். விலங்குகளோடு பொருதோர்க்கு இலத்தீனில் 'வெனாட்டோர்', 'பெஸ்தியாரியஸ்' என்னும் வேறு இரு பெயர்கள் வழங்கின. பேரரசுக் காலத்தில் அவர்தம் காட்சி முற்பகலிலும், கிளாடியேட்டர் போர் பிற்பகலிலும் நிகழ்ந்தன. விலங்குப் போர்ப் பயிற்சிக்கென உரோம் நகரிலிருந்த பள்ளியின் பெயரே 'காலைப் பள்ளி' எனப் பொருள்படும்.

வெனாட்டோர் வேட்டுவரே. 'ஹன்டர்' என்றால் படிப்போர் மனத்தில் காடு தோன்றும், அரங்கு தோன்றாது. ஓர் அடைமொழி இக்குறையை நீக்கிவிடும்.

பெஸ்தியாரியஸ் அத்துணை எளிதன்று. 'பெஸ்தியா' என்பது விலங்கு. '-ஆரியஸ்' தொடர்புடையாரைக் குறிக்கும் ஈறு. போரிடுதல் என்னும் பொருள் சொல்லின் உறுப்புகளில் இல்லை. ஆகவே பயிற்சி பெற்ற வீரரையும், விலங்குக்கு இரையாகத் தண்டிக்கப்பட்டவரையும் இஃது ஒருங்கே சுட்ட இடமுண்டு. செனகாவின் 70ஆம் கடிதத்தில் வரும் செருமானியர் இப்பயிற்சிப் பள்ளியைச் சேர்ந்தவர். காலைக் காட்சிக்கு ஆயத்தமாகும்போது கழிப்பிடத்தில் தம்முயிரை மாய்த்துக்கொள்கிறார். 'பீஸ்ட்-ஃபைட்டர்' என்னும் வழக்கமான பெயர்ப்பு அவருக்குப் பொருந்தும். ஆயினும் அவர் விரும்பி ஏற்ற தொழிலன்று அது என்பதை அப்பெயர்ப்பு உணர்த்தாது.

உரோமானியச் சட்டம் இன்னும் நுட்பமானது. 533இல் வெளியிடப்பட்ட டைஜெஸ்ட் தொகுப்பில் உள்ள உல்பியனின் விளக்கப்படி, விலங்குகளோடு பொரத் தம்மைக் கூலிக்கு ஒப்படைத்தவர் பிறர்க்காக நீதிமன்றத்தில் வாதாடும் உரிமையை இழப்பார். அவர் களத்தில் இறங்காவிடினும் இழுக்கு நீங்காது. கூலிக்கு ஒப்படைக்காமல் பொருதவரை அவ்விழுக்குச் சாராது. அங்கே குற்றம் போரன்று, ஒப்பந்தமே. அப்பகுதி தொழிற்பெயரைக் கூறாது செயலை விரித்துரைப்பதும் கருதத்தக்கது. மொழிபெயர்ப்பாளர் அங்கே 'பீஸ்ட்-ஃபைட்டர்' எனச் சுருக்கினால் சட்டத்தின் கருத்தே மறைந்துவிடும்.

'பெஸ்டியரி' என்னும் ஆங்கிலச் சொல் இதே வேரினதாயினும், இன்று விலங்குகளைப் பற்றிய இடைக்கால நூல்வகைக்கே உரியதாகிவிட்டது. எனவே பயிற்சி பெற்றவர்க்கு 'பீஸ்ட்-ஃபைட்டர்' எனக் கொண்டு, தண்டிக்கப்பட்டவரைத் தண்டனையின் பெயராலேயே சுட்டுவது தக்கது. தமிழில் 'விலங்குப் பொருநர்' எனலாம்: போர்வீரரையும் கலைஞரையும் குறிக்கும் 'பொருநர்' என்னும் சொல், காட்சிக்காகப் பொருதவர்க்கு ஆங்கிலப் பெயரைவிட நன்கு பொருந்துகிறது.