பூமிக்குள் இருக்கும் தண்ணீர்

2024-ஆம் ஆண்டு, மார்ச் மாதம். பெங்களூரு நகரில் கடுமையான தண்ணீர்ப் பஞ்சம். தண்ணீர் லாரிக்காகத் தெருவில் குடங்கள் வரிசையாகக் காத்திருந்தன. நகரில் அரசு போட்ட ஆழ்குழாய்க் கிணறுகள் சுமார் 14 ஆயிரம். அவற்றில் ஏறக்குறைய 7 ஆயிரம் வற்றிவிட்டன என்று அரசே சொன்னது.

பெங்களூருக்குக் காவிரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வருகிறது. அது போதாத இடங்களில் மக்கள் போர் தண்ணீரையே நம்பினார்கள். போர் வற்றியதும் தவித்துப் போனார்கள்.

தேங்காய் சொல்லுமா?

போர் போடும் முன் பலர் நீரோட்டம் பார்க்கிறார்கள். ஒருவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடப்பார். தேங்காய் நிமிர்ந்தால் அங்கே தண்ணீர் உண்டு என்பார். பிறகு திருச்செங்கோட்டு போர் லாரி வரும். தண்ணீர் வந்தால் மகிழ்ச்சி. வெறும் பாறைத்தூள் வந்தால்? நகை அடகுக் கடையில் இருக்கும். கடன் தலைமேல் இருக்கும்.

தேங்காய்க்கும் தண்ணீருக்கும் தொடர்பு இல்லை. அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது?

மின்சாரம் சொல்லும் சேதி

பெங்களூருக்கு அடியில் இருப்பது கருங்கல் போன்ற கெட்டிப் பாறை. கெட்டிப் பாறைக்குள் தண்ணீர் தங்காது. அதன் மேலே உள்ள சிதைந்த பாறையிலும், பாறையின் வெடிப்புகளிலும்தான் தங்கும்.

இதைக் கண்டறிய ஒரு முறை உண்டு. நான்கு இரும்புக் கம்பிகளை ஒரே கோட்டில் தரையில் அடிப்பார்கள். வெளியே உள்ள இரண்டு கம்பிகள் வழியாகப் பூமிக்குள் மின்சாரம் செலுத்துவார்கள். உள்ளே உள்ள இரண்டு கம்பிகளில் அளவு எடுப்பார்கள். ஈரமான பாறையில் மின்சாரம் எளிதாகப் போகும். காய்ந்த கெட்டிப் பாறை அதைத் தடுக்கும். வெளிக் கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடித்தால், இன்னும் ஆழத்தில் இருப்பது தெரியும். பிரான்சு நாட்டு அறிஞர் கான்ராட் ஷ்லும்பெர்ஜே 1912-இல் இத்தகைய சோதனையைச் செய்தார்.

இந்தக் கருவி தண்ணீரை நேரில் பார்ப்பதில்லை. பாறையைத்தான் அளக்கிறது. ஈரக் களிமண்ணும் மின்சாரத்தை எளிதாக விடும். எனவே கருவி சொல்வதும் சில நேரம் தவறலாம். ஆனாலும் வீண் செலவு குறையும்.

அரிசிப் பானைக் கணக்கு

இடத்தைக் கண்டுபிடித்தால் மட்டும் போதுமா? பானையில் அரிசி எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதாது. எவ்வளவு இருக்கிறது என்றும் தெரிய வேண்டும். தினமும் எடுத்துக்கொண்டே இருந்தால் பானை காலியாகும். பூமியும் அப்படித்தான்.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் நாடு முழுவதும் குறிப்பிட்ட கிணறுகளில் ஆண்டுக்கு 4 முறை நீர்மட்டத்தை அளக்கிறது. பெங்களூரு குடிநீர் வாரியமும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நகரின் நிலத்தடி நீரை ஆராய்ந்தன. எந்தப் பகுதியில் நீர் இறங்கும் என்று 2025 கோடைக்கு முன்பே எச்சரித்தன. கணக்கு இருந்தால்தான் முன்கூட்டியே சொல்ல முடியும்.

எடுத்ததைத் திருப்பிக் கொடுப்போம்

பெங்களூரில் ஆண்டுக்குச் சுமார் 97 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. 30 அடிக்கு 40 அடி உள்ள ஒரு மாடியில் விழும் மழை ஓராண்டில் ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர்! அதைச் சாக்கடையில் விடலாமா? வடிகட்டி, உறைக் கிணற்றில் இறக்கினால் பூமிக்குள் போகும். பெங்களூரில் மண்ணு வட்டர் என்னும் கிணறு வெட்டும் மக்கள் இத்தகைய கிணறுகளை வெட்டித் தருகிறார்கள். இது அவர்களின் பரம்பரைத் தொழில்.

உங்கள் தெருவில் திறந்த கிணறு இருக்கிறதா? கயிற்றில் கல்லைக் கட்டி மாதம் ஒரு நாள் இறக்குங்கள். காலையில், தண்ணீர் இறைக்கும் முன் அளவு எடுங்கள். தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது? நோட்டில் தேதியும் அடியும் எழுதுங்கள். 12 மாதம் எழுதினால் உங்கள் கிணற்றின் கணக்கு உங்கள் கையில். எழுதக் கற்றது இதற்கும் உதவும்.