நடு எஞ்சின் காருக்கு டயர்

கலிபோர்னியாவில் இருக்கும் என் மகன் 1991 மாடல் டொயோட்டா எம்.ஆர்.2 ஒன்று வாங்கியிருக்கிறான். அதில் எஞ்சின் இருக்கைக்குப் பின்னால், பின் அச்சுக்குச் சற்று முன்னால். "அப்பா, முன் டயர் இரண்டும் உயர்ரகம், நன்றாக இருக்கின்றன. பின்னால் மட்டும் மலிவாக ஒரு ஜோடி போட்டுவிடட்டுமா?" என்று போனில் கேட்டான்.

கூடவே கூடாது என்றேன். பாரம் நடுவில் இருப்பதால் இந்த வண்டி சட்டென்று திரும்பும். பின் டயர் பிடி விட்டால் அதே சுறுசுறுப்போடு பம்பரமாகவும் சுற்றும். வளைவில் பயந்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்னும் மோசம். பாரம் முன்னுக்குப் போய் பின் டயர் லேசாகிவிடும். முன்னால் நல்ல பிடி, பின்னால் சாதா டயர் என்றால் ஆபத்தை விலை கொடுத்து வாங்குவதுதான். அமெரிக்காவில் 1993 மாடலில் டொயோட்டா சஸ்பென்ஷனைத் திருத்தியதோடு, பின் டயர் அகலத்தையும் 205 மில்லிமீட்டரிலிருந்து 225 ஆக்கியது. முன்னால் அதே 195தான்.

ரயிலில் சக்கரம் கடைந்த பிறகு, ஒரே அச்சின் இரு சக்கர விட்டத்தில் அரை மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நாங்கள் பாஸ் செய்ய மாட்டோம். அந்தப் பழக்கம் என்னை விடவில்லை.

"டயர் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற எழுத்துக்களைத் தேடு. அந்த வரிசையின் கடைசி நாலு எண் என்ன?" என்றேன். மறுநாள் கடைக்குப் போய்ப் பார்த்துச் சொன்னான்: 0815. அதாவது 2015-ம் ஆண்டின் 8-வது வாரம் செய்தது! பூ தேயாவிட்டாலும் ரப்பர் இறுகியிருக்கும்.

கடைசியில் முன் டயரின் அதே ரகத்தில், பின்னுக்குரிய அளவில் புது ஜோடி போட்டானாம். மருமகள்தான் சொன்னாள். இரு மடங்கு செலவாம். அவன் இன்னும் என்னோடு பேசவில்லை.