டயானாவின் சூரத் பாட்டி: உயில் மறைத்ததைச் சொன்ன மரபணு

சூரத் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது, முகலாயர் காலத்தில் ஹாஜிகள் கப்பலேறிய துறைமுகம். இருநூறு ஆண்டுகளுக்கு முன் அங்கு வாழ்ந்த எலிசா கெவார்க் என்ற பெண், பிரிட்டிஷ் இளவரசி டயானாவின் தாய்வழி மூதாட்டி.

கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் சூரத்துக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர் தியோடர் ஃபோர்ப்ஸுடன் எலிசா குடும்பம் நடத்தினார். 1812-இல் மகள் கேத்தரின் பிறந்தார். சிறு வயதிலேயே அந்தக் குழந்தையை ஸ்காட்லாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். தாய் இந்தியாவிலேயே இருந்தார். 1820-இல் ஊர் திரும்பும் வழியில் கப்பலிலேயே ஃபோர்ப்ஸ் இறந்தார். அவருடைய உயிலில் எலிசா மனைவி அல்ல, 'வீட்டைக் கவனித்துக்கொண்டவர்'. பெற்ற பிள்ளைக்கும் முழு மகள் என்ற தகுதி அதில் இல்லை. அந்தக் காலத்து உயில்களில் 'பணிப்பெண்', 'வீட்டைக் கவனிப்பவர்' என்று வரும் இந்தியப் பெண்கள் பலர் உண்மையில் அந்த வீட்டுப் பிள்ளைகளின் தாய்மார்கள்தாம். ஆவணத்தில் உள்ள சொல்லை அப்படியே நம்பினால் ஒரு தாயே காணாமல் போய்விடுவார்.

பின்னாளில் குடும்பத்தார் எலிசாவை 'ஆர்மீனியர்' என்றார்கள். அதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை: ஜார்ஜ் என்ற பெயரின் ஆர்மீனிய வடிவம் கெவோர்க். சூரத்தில் ஆர்மீனிய வணிகர்களும் இருந்தார்கள். ஆனால் ஆர்மீனியர் என்றால் கிறிஸ்தவர். இந்தியப் பாட்டி என்று சொல்வதைவிட பிரிட்டிஷ் மேட்டுக்குடியில் அது எளிதாக எடுபடும் என்பதையும் மறக்கக் கூடாது.

2013-இல் மரபணுச் சோதனை இதில் புகுந்தது. நம் உயிரணுக்களில் உள்ள மைட்டோகாண்ட்ரியா மரபணு தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. மகனுக்கும் அது கிடைக்கும். ஆனால் அவன் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது. எலிசாவிலிருந்து டயானா வரை ஏழு தலைமுறையும் இடையில் ஓர் ஆண்கூட இல்லாத தாய்–மகள் தொடர் என்பதால்தான் இந்தச் சோதனை சாத்தியமானது. டயானாவின் தாய்வழி உறவினர் இருவரின் எச்சிலில் R30b என்ற வகை கிடைத்தது. மிக அரிதான இந்த வகை ஏறத்தாழ இந்தியாவில் மட்டுமே காணப்படுவது. ஆக, எலிசாவின் தாய்வழி இந்திய வழி. தந்தை ஆர்மீனியராக இருந்திருக்கலாம், இரண்டும் முரண்படவில்லை.

செய்தித்தாள்கள் 'இந்திய ரத்தம்' என்று தலைப்பிட்டன. கணக்குப் போட்டுப் பாருங்கள்: இளவரசர் வில்லியமுக்கு ஏழு தலைமுறை மேலே 128 மூதாதையர், அவர்களில் எலிசா ஒருவர். சராசரியாக ஒரு சதவீதம்கூட வராது. மேலும், எலிசாவின் தாய் எந்த மதம், என்ன மொழி பேசினார் என்பதை R30b சொல்லாது. சோதனை நிறுவனங்கள் விற்கும் கதைகளை வாங்குமுன் இந்த எல்லை தெரிந்திருக்க வேண்டும்.

வில்லியமின் பிள்ளைகளுக்கு அந்த மரபணு போகாது. டயானாவின் சகோதரிகளுக்குப் பெண் பிள்ளைகள் உண்டு; அவர்களிடம் இருக்கிறது.