திரில்லர் நாவலும் பாலூர்க் கத்தரியும்

மைக்கேல் கிரைட்டனின் ‘நெக்ஸ்ட்’ (2006) நாவலில் பேசும் குரங்கு உண்டு, துரத்தும் ஆள் உண்டு, ஓடும் தாயும் மகனும் உண்டு. எதற்காக இந்தத் துரத்தல்? பிராங்க் பர்னெட்டின் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை அளித்த மருத்துவரின் பல்கலைக்கழகம், அவருடைய செல்களைக் கம்பெனிக்கு விற்றுவிடுகிறது. கோர்ட்டும் கம்பெனி பக்கம். கம்பெனி வைத்திருந்த செல்கள் கெட்டுப்போனதும், மகள் உடம்பிலும் பேரன் உடம்பிலும் அது இருக்குமே என்று ஆள் அனுப்புகிறார்கள். உடம்பு சொத்தாகிவிட்டால் வாரிசு வெறும் குடோன்தான்.

முழுக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. ஜான் மூர் என்ற அமெரிக்கரின் மண்ணீரலை 1976இல் அகற்றினார்கள். அவருடைய செல்களிலிருந்து வளர்த்தெடுத்த செல்வரிசைக்கு 1984இல் காப்புரிமை தரப்பட்டது. 1990இல் கலிபோர்னியா உச்சநீதிமன்றம் சொன்னது இதுதான்: மருத்துவர் தன் வணிக ஆதாயத்தை மறைத்ததற்காக மூர் வழக்காடலாம், ஆனால் வெட்டியெடுத்த செல் அவர் சொத்து அல்ல. உடம்பைக் கொடுத்தவன் கச்சாப்பொருள், ஆய்வகம் உரிமையாளர். நிலத்தைப் பறித்த காலனியமும் இப்படித்தானே பேசியது?

திரில்லர் என்கிற வடிவத்துக்கு ஒரு எல்லை உண்டு. அதற்கு வில்லன் வேண்டும். வில்லன் தோற்றதும் வாசகர் நிம்மதியாகத் தூங்கிவிடுகிறார். நிஜத்திலோ அடியாள் வருவதில்லை. ஒப்பந்தப் பத்திரம் வருகிறது.

காடாம்புலியூரிலிருந்து பண்ருட்டியைத் தாண்டினால் பாலூர். அங்கே உள்ள காய்கறி ஆராய்ச்சி நிலையம் தந்த ரகம் பி.எல்.ஆர். 1 கத்தரி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2005இல் மஹிகோவோடு ஒப்பந்தம் போட்டது. கோ 2, எம்.டி.யூ. 1, கே.கே.எம். 1 ரகங்களோடு இதுவும் பி.டி. கத்தரியாக்க எடுக்கப்பட்டது. மண்ணில் வாழும் பாக்டீரியாவின் ஜீனைச் செடிக்குள் செருகினால், காயைத் துளைக்கிற புழு அதைத் தின்று சாகும். 2009 அக்டோபரில் மத்திய ஒப்புதல் குழு தலையாட்டியது. ஊர் ஊராகக் கருத்துக் கேட்டபின் 2010 பிப்ரவரி 9 அன்று அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்திவைத்தார்.

அப்போது நாம் அதிகம் கேட்டது, ‘தின்றால் என்ன ஆகும்?’ என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் அது திரில்லரின் கேள்வி, பயத்தின் கேள்வி. நாளை ‘ஒன்றும் ஆகாது’ என்று நிரூபித்துவிட்டால் அதோடு நம் வாய் அடைபடும். ‘யாருடையது?’ என்ற கேள்வி அப்போதும் நிற்கும். ஜீன் கம்பெனியுடையது, ரகம் பல்கலைக்கழகத்துடையது. ரகத்துக்கு மூலமான நாட்டுக் கத்தரியைத் தலைமுறையாகப் பொறுக்கி வைத்தவர்களின் கையெழுத்து எங்கே? விதையைச் சேமிக்க, விதைக்க, பரிமாற விவசாயிக்கு உரிமை உண்டென 2001ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் கேட்டால்தான் சட்டம் பேசும்.

காடாம்புலியூரில் முந்திரி உடைக்கிற அக்கா ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். “நல்ல காயா நாலு செடியிலயே பழுக்க விடுவோம். கேக்கறவங்களுக்கு ஒரு கை வெத குடுப்போம். இதுக்கு எதுக்குப்பா பத்திரம்?” என்றார்.

அறவியல் விவாதத்தை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.