தோட்டா வாங்குவோரும் சர்க்கார் விசாரணையும்

நீலகிரியில் ஜெகதளாவை அடுத்த அருவங்காட்டிலே கார்டைட் தொழிற்சாலை 1903-ம் வருஷத்தில் நிறுவப்பெற்றது. தோட்டாவைக் குழலினின்றும் உந்தித் தள்ளும் புகையற்ற மருந்தே கார்டைட். அம்மருந்தைச் செய்த இந்தியத் தொழிலாளி ஒரு தோட்டாவைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டுமாயின் லைசென்ஸ் வேண்டும்; அவ்வூர் வழியே வேட்டைக்குப் போன தோட்டத்துரைக்கோ அது வேண்டியதில்லை. லிட்டன் பிரபு 1878-ல் இயற்றுவித்த ஆயுதச் சட்டத்தின் லக்ஷணம் இது. இந்த நிற வேற்றுமை விதிகளிலிருந்து நீங்கியது முதல் மகாயுத்தம் முடிந்த பின்னரே.

இப்பழங்கதையை நாம் இன்று எடுப்பதற்குக் காரணமுண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து ஜனங்கள் 2016-ல் வாக்களித்து ஏற்ற ஏற்பாட்டின்படி, 2019 ஜூலை முதல் தோட்டா வாங்குபவன் ஒவ்வொரு முறையும் தன் பூர்வோத்தரம் விசாரிக்கப்பட்ட பின்னரே அதைப் பெறவேண்டும். குற்றவாளிகள் சிலர் இதனால் தடுக்கப்பட்டனர். பதிவேட்டிலுள்ள விலாசம் பொருந்தாத குற்றத்துக்காக நேர்மையான பிரஜைகள் பலரும் வெறுங்கையுடன் திரும்பினர். வழக்குகளும் எழுந்தன. இத்தகைய விசாரணை நம் தேசத்துக்கும் வேண்டுமா என்பதே கேள்வி.

வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். நம் 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் தோட்டாவையும் லைசென்ஸுக்கு உட்படுத்தியே இருக்கிறது. போலீஸ் அறிக்கை பெற்றே லைசென்ஸ் அளிக்கப்படுகிறது. எத்தனை தோட்டா வாங்கலாமென்பதும் அதில் குறிக்கப்படுகிறது. ஆயினும் லைசென்ஸின் ஆயுளை 2019-ம் வருஷத்துத் திருத்தம் மூன்று வருஷத்திலிருந்து ஐந்தாக நீட்டிவிட்டது. ஐந்து வருஷத்தில் மனிதன் குடிக்கு அடிமையாகலாம், பங்காளியுடன் கொலைப்பகை கொள்ளலாம், புத்தி பேதலிக்கலாம். துப்பாக்கியோ ஒருமுறை வாங்குவது. தோட்டா அடிக்கடி வாங்குவது. ஆகவே விசாரணைக்கு ஏற்ற இடம் தோட்டாக் கடையே.

ஆனால் விசாரிக்கும் அதிகாரம் எத்தகையது என்பதிலேதான் நமக்குக் கவலை. 1930 ஜனவரியில் காந்தியடிகள் வைஸ்ராய் முன் வைத்த பதினோரு கோரிக்கைகளில் தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் வழங்கவேண்டுமென்பதும் ஒன்று. அஹிம்சையே விரதமாகக் கொண்டவர் இதைக் கேட்டாரே என்று அன்று சிலர் வியந்தனர். அவர் கேட்டது பொதுஜனக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட லைசென்ஸ் என்பதை அவர்கள் கவனித்தாரில்லை. 1931-ல் காங்கிரஸ் வகுத்த ஜீவாதார உரிமைகளிலும், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை இடம்பெற்றது.

இன்றைய சட்டத்தின் 14-வது பிரிவைப் பாருங்கள். லைசென்ஸ் மறுத்தால் அதிகாரி காரணத்தை எழுதி வைக்கவேண்டும். மனுதாரர் கேட்டால் சுருக்கமாகத் தெரிவிக்கவும் வேண்டும். ஆனால் பொதுநன்மைக்கு ஒவ்வாதென்று அதிகாரி கருதினால் தெரிவிக்க வேண்டியதில்லையாம்! அப்பீல் உண்டென்பார்கள். காரணம் தெரியாதவன் எதை எதிர்த்து வாதிப்பது? கடையிலே விசாரணை ஏற்படுமாயின், மறுப்புக்கான காரணம் அன்றே எழுத்தில் கொடுக்கப்பட வேண்டும். பதிவேட்டுப் பிழையைக் குறித்த நாட்களுக்குள் ஜில்லா அதிகாரி திருத்த வேண்டும். மந்திரிக்கும் மிராசுதாருக்கும் விலக்கு இருத்தலாகாது. இவையின்றி வரும் மசோதாவை நாம் ஆதரியோம்.

இன்னொன்று. பயிர்க்காவலுக்கு வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்டால் நல்காரணமென்று சட்டமே ஏற்கிறது. அதற்குத் தலைமுறையாய்க் காத்திருக்கும் மலையடிவாரத்துக் குடியானவனுக்குக் காட்டுப்பன்றி காத்திருப்பதில்லை. கள்ளத்தனமாய் வெடிமருந்து வாங்கி அவுட்டுக்காய் செய்து வைப்போரும் உண்டு. அதைக் கடித்த யானை வாய் சிதைந்து, தீனி எடுக்க இயலாது பல நாள் துடித்துச் சாகிறது. அவுட்டுக்காய் செய்கிறவன் எந்தத் தோட்டாக் கடைக்கும் வருவதில்லை. அவனை எந்த லைசென்ஸ் பதிவேடும் அறியாது. கடையில் விசாரணைக்கு மசோதா எழுதுவோர், குவாரிகளிலிருந்தும் பட்டாசுக் கிடங்குகளிலிருந்தும் வெடிமருந்து கசியும் வழியையும் அதே மசோதாவில் அடைக்க வேண்டும்.