குறியோடு படித்தாலும் புரிகிற எழுத்து

வாட்ஸ்அப்பில் ஒரு சொல்லின் இருபுறமும் நட்சத்திரக் குறி போட்டால் அது தடித்த எழுத்தாகும் என்பது பலருக்கும் தெரியும். அது தெரிந்தவர்களுக்கு, வெறும் எழுத்திலேயே குறிகள் போட்டு வடிவமைக்கும் மார்க்டவுன் முறை பாதி தெரிந்த மாதிரிதான். இணையத்துக்காக எழுதுகிறவர்கள் எச்டிஎம்எல் குறிச்சொற்களோடு மல்லுக்கட்டிய காலத்தில், 2004இல், அமெரிக்கரான ஜான் க்ரூபர் இதை வெளியிட்டார்; ஆரன் ஸ்வார்ட்ஸ் அவருக்குத் துணை நின்றார். க்ரூபர் புதிதாக அதிகம் எதையும் திணிக்கவில்லை. வெறும் எழுத்தில் மின்னஞ்சல் அனுப்பியவர்கள் ஏற்கெனவே கையாண்ட வழக்கங்களையே பெரும்பாலும் விதியாக்கினார். வரியின் தொடக்கத்தில் # போட்டு ஓர் இடம் விட்டால் தலைப்பு, ## போட்டால் துணைத்தலைப்பு, சிறு கோடு போட்டால் பட்டியல். ஒற்றை நட்சத்திரங்களுக்கு நடுவே எழுதினால் சாய்வெழுத்து, இரட்டை நட்சத்திரங்கள் என்றால் தடித்த எழுத்து. வாட்ஸ்அப் பழக்கம் இந்த இடத்தில் காலை வாரும். பத்தி பிரிக்க நடுவே ஒரு வெற்று வரி வேண்டும். என்டரை ஒருமுறை தட்டிவிட்டு, பத்தி ஏன் பிரியவில்லை என்று புதியவர்கள் விழிப்பது வழக்கம்.

வேர்டில் ஒரு பொத்தானைத் தட்டினால் முடிகிற வேலைக்கு இத்தனை குறிகள் எதற்கு? நியாயமான கேள்விதான். ஆனால் பொத்தான் தரும் அலங்காரம் கோப்புக்குள் ஒளிந்திருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த மென்பொருள் வேண்டும். வேர்டிலிருந்து இணையதளத்துக்கு ஒரு கட்டுரையை ஒட்டும்போது, எழுத்தளவும் நிறமும் கேட்காமலே கூட வருவது அதனால்தான். குறிப்பிட்ட மென்பொருளை நம்பியிருப்பதன் விலை தமிழருக்குப் புதிதல்ல: ஒருங்குறிக்கு முன் தட்டச்சு செய்த கோப்புகள், அந்தப் பழைய எழுத்துரு இல்லாத கணினியில் கிறுக்கலாகத்தான் திறக்கின்றன. அது எழுத்துக் குறியீட்டின் சிக்கல், இது வடிவமைப்பின் சிக்கல் என்றாலும் நோய் ஒன்றே. மார்க்டவுன் கோப்போ நோட்பேடில் திறந்தாலும் தலைப்பு எது, பட்டியல் எது என்று கண்ணுக்கே தெரியும். குறிகளை அழகான பக்கமாக மாற்றித் தரும் கருவி காணாமல் போனாலும் எழுதியது கையில் இருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. க்ரூபரின் விளக்கம் சில இடங்களில் தெளிவற்றிருந்ததால் ஒவ்வொரு மென்பொருளும் தன் போக்கில் பொருள்கொண்டது. அதைச் சீராக்க, ஜான் மக்ஃபார்லேன் உள்ளிட்ட சிலர் 2014இல் காமன்மார்க் என்ற துல்லியமான விதித்தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். அட்டவணை போடும் முறை அதில்கூடக் கிடையாது. கிட்ஹப் போன்ற தளங்கள் தாமே சேர்த்துக்கொண்டன. கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கவோ இதழின் பக்கத்தை அமைக்கவோ இது உதவாது, அதற்காகப் பிறந்ததும் அல்ல. குறிப்பு, கட்டுரை, பாடம், கையேடு எழுத அடிப்படைக் குறிகளே போதும். அவை அநேகமாக எல்லா இடத்திலும் ஒன்றுபோலவே வேலை செய்கின்றன.

தமிழில் எழுதுகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாய்வெழுத்துக்கு நட்சத்திரத்துக்குப் பதில் அடிக்கோட்டையும் போடலாம் என்கிறது விதி. ஆனால் சொல்லின் நடுவே வரும் அடிக்கோட்டை காமன்மார்க் குறியாக எடுத்துக்கொள்ளாது. நாம் வேற்றுமை உருபைச் சொல்லோடு சேர்த்தே எழுதுகிறோம். ஆகவே _குறள்_இல் என்று எழுதினால் அடிக்கோடுகள் அப்படியே நிற்கும். *குறள்*இல் என்று எழுதினால் சாய்வு விழும்.