கணினிக்குள் ஒரு குடித்தனம்

கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகம் இருப்பதாகக் கொள்வோம். அங்கே கல்யாண அழைப்பிதழ்களும் நினைவு மலர்களும் பல்லாண்டுகளாகப் பாமினி எழுத்துருவில், பேஜ்மேக்கர் கொண்டு கோக்கப்பட்டன. பழைய கணினி ஓய்ந்துவிட்டது. புதிய கணினியிலோ பேஜ்மேக்கர் சரிவர இயங்க மறுக்கின்றது. கோப்புகள் பத்திரமாக இருக்கின்றன, திறக்கத்தான் வழியில்லை.

இதற்குப் பரிகாரம் மெய்நிகர்க் கணினி. வெள்ளவத்தையிலே வீட்டோடு சேர்ந்த அனெக்ஸை வாடகைக்கு விடுவது போன்றது அது. நிலம் ஒன்று, வாசல் வேறு. புதிய விண்டோஸ் வீட்டுக்காரர். அதனுள் இயங்கும் பழைய எக்ஸ்பி குடியிருப்பவர். எண்ணமும் புதிதன்று, ஐபிஎம் நிறுவனம் 1972ஆம் ஆண்டிலேயே தன் பெருங்கணினிகளுக்கு இத்தகைய விஎம்/370 என்பதை வெளியிட்டது.

எம்மென்பொருளைத் தேர்வது? முதலிற் பார்க்கவேண்டியது கணினியின் செயலியை. அது இன்டெல் அல்லது ஏஎம்டி ஆயின் வழி எளிது. 2020 முதல் வந்த ஆப்பிள் எம் வரிசைச் சில்லாயின், எக்ஸ்பியின் ஒவ்வொரு கட்டளையையும் பெயர்த்துப் பெயர்த்தே இயக்கவேண்டும். வேகம் மிகக் குன்றும்.

ஹைப்பர்-வி விண்டோஸ் புரோ பதிப்பில் உண்டு, ஹோம் பதிப்பில் இல்லை. விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் 2024 நவம்பர் முதல் வர்த்தகருக்கும் இலவசம். வேர்ச்சுவல்பாக்ஸும் இலவசமே, ஆயினும் அதன் எக்ஸ்டென்ஷன் பேக்கைத் தொழிலுக்குப் பயன்படுத்த உரிமம் வாங்கவேண்டும். அச்சகத்தார் பலர் கவனியாத இடம் இதுதான். அழைப்பிதழ் வேலைக்கு அந்தப் பேக் தேவையுமில்லை.

எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலில் நின்றுவிட்டன. ஆகவே குடியிருப்பவருக்கு இணைய இணைப்பைக் கொடாது, பொதுக் கோப்புறை ஒன்றின் வழியாகவே கோப்புகளை மாற்றிக்கொள்ளல் வேண்டும்.